ஹைட் பார்க் பாரக்ஸைக் கட்டியவர்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். சிட்னியில் உன் அலுவலகத்துக்கு அருகிலுள்ள ஹைட் பார்க் பாரக்ஸை, அதாவது பிரிட்டனிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகளைத் தங்கவைக்கக் கட்டிய பழைய விடுதியைப் பற்றிப் பேசும்போது, அதன் முகப்பு அளவாக இருக்கிறது என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டாய். கட்டட வேலையிலேயே காலம் கழித்த எனக்கு அது போதவில்லை. ஆகவே அதைக் கட்டியவர்களைப் பற்றிப் படித்தறிந்ததை எழுதுகிறேன்.

அதை வரைந்த பிரான்சிஸ் கிரீன்வே ஒரு கைதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் கட்டடத் தொழில் நொடித்துப்போன இவர், ஒப்பந்தப் பத்திரம் ஒன்றில் 250 பவுண்டு தொடர்பாகப் பொய்க்குறிப்பு எழுதிய குற்றத்துக்காக 1812-இல் மரண தண்டனை பெற்றார்; அது பின்னர் 14 ஆண்டு நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1814-இல் சிட்னிக்கு வந்தார். அப்போது அந்த பிரிட்டிஷ் காலனியின் ஆளுநராக இருந்த மெக்குவாரி ஒரு புத்தகத்திலிருந்த வரைபடத்தைப் பார்த்து நகலெடுத்துத் தரச் சொன்னபோது, அது தம் தகுதிக்குக் குறைவு என்ற தொனியில் பதில் எழுதினாராம். (உன் மேலாளரிடம் இதை முயன்று பார்க்காதே.) ஆயினும் 1816-இல் நாளுக்கு 3 ஷில்லிங் சம்பளத்தில் அரசுக் கட்டடக் கலைஞராக நியமிக்கப்பட்டார். சிட்னித் துறைமுக வாயிலில் அவர் கட்டிய கலங்கரை விளக்கத்துக்குக் கொண்டுவந்த மணற்கல் தாங்காது என்று அவர் எச்சரித்ததையும், சில ஆண்டுகளிலேயே அது உதிரத் தொடங்கி இரும்புப் பட்டைகளால் இறுக்க நேர்ந்ததையும் படித்தபோது, இவர் வேலை தெரிந்த மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

1819-இல் பாரக்ஸ் திறக்கப்படும் வரை, சிட்னியில் அரசு வேலை செய்த ஆண் கைதிகளுள் பலர் ராக்ஸ் போன்ற பகுதிகளில் தாங்களே இடம் பார்த்துத் தங்கினார்கள். பிற்பகல் 3 மணியளவில் அரசு வேலை முடிந்ததும் வெளியாரிடம் கூலிக்கு உழைத்து, வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சம்பாதித்தார்கள். பாரக்ஸ் வந்ததும் சுமார் 600 பேர் வரிசை வரிசையாகத் தொங்கிய தூளிப் படுக்கைகளில் அடைக்கப்பட்டார்கள். சொந்தமாக உழைத்துக்கொள்ள இருந்த அந்த மாலைப்பொழுது போயிற்று. அதைப் பறித்த கட்டடத்துக்குக் கைதிகளே செங்கல் சுமந்தார்கள். வரைந்த கைதிக்கோ முழு மன்னிப்பு கிடைத்தது. கிரீன்வேயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சுவரைப் பார்க்கும்போது அவர் பெயர் மட்டும் உன் நினைவுக்கு வந்தால் அது நியாயமாகாது.

சுண்ணாம்பை எடுத்துக்கொள். சிட்னிக்கு அருகில் சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை. நம் பழைய வீடுகளுக்குச் செய்ததைப் போலவே அங்கும் சிப்பிகளைச் சுட்டார்கள். ஆதிக்குடிகள் தலைமுறை தலைமுறையாக உண்டு குவித்த சிப்பி மேடுகள் அவ்வாறு சூளைக்குப் போயின. வடக்கே நியூகாசிலில், காலனிக்கு வந்தபின் மீண்டும் குற்றம் செய்தவர்களைக் கொண்டு இந்த வேலையைச் செய்வித்தார்கள். நீற்றாத சுண்ணாம்பைச் சுமந்துகொண்டு கடல்நீரில் இறங்கிப் படகில் ஏற்ற வேண்டும். ஈரம் பட்டவுடன் அது கொதித்து முதுகையும் கண்ணையும் சுட்டுவிடும். சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் சிறுவயதில் உன்னை நான் ஏன் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். சிட்னியின் கட்டடங்களுக்கு அங்கிருந்தும் சுண்ணாம்பு வந்தது.

கிரீன்வேயும் நன்றாக வாழ்ந்துவிடவில்லை. கட்டணத் தகராறில் மெக்குவாரியின் ஆதரவை இழந்து, 1822-இல் வேலையும் போய், 1837-இல் வறுமையில் இறந்தார். பிற்காலத்தில் அவர் முகத்தை ஆஸ்திரேலியாவின் 10 டாலர் நோட்டில் அச்சிட்டார்கள். பொய்ப் பத்திரத்துக்காகத் தண்டனை பெற்றவரைப் பணத்தாளில் போட்ட அந்த நகைச்சுவை எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்த முறை போகும்போது முகப்போடு நின்றுவிடாமல், செங்கல் இணைப்புகளை அருகில் சென்று பார். பழுதுபார்த்த இடங்களில் சுண்ணாம்புக் கலவையே பூசியிருக்கிறார்களா, சிமெண்டா என்று எனக்கு எழுது. சிமெண்ட் என்றால் ஈரம் வெளியேற வழியின்றிப் பழைய செங்கல் அரித்துப் போகும்.

அன்புடன்,
அப்பா