ஜீவனாம்சத்துக்கு யாரும் தவணை தள்ளித் தரவில்லை

மதுரை,
6.12.2020

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் பாதியிலேயே "சரிம்மா, வச்சிடறேன்" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உன் மனைவி காயத்ரிக்கும் பாப்பாவுக்கும் ஏப்ரலிலிருந்து நீ ஜீவனாம்சம் அனுப்பாததைப் பற்றித்தான். நிதானமாகப் படி.

"கோர்ட்டே மூடிக் கிடந்தது, எல்லாக் கெடுவையும் சுப்ரீம் கோர்ட்டே நீட்டிவிட்டது, அப்புறம் ஜீவனாம்சம் மட்டும் எப்படி ஓடும்?" என்று அன்றைக்குக் கேட்டாய். யார் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கொரோனாவுக்காக மார்ச் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தானாக எடுத்துப் போட்ட உத்தரவு, வழக்கு, அப்பீல், மனு தாக்கல் செய்யும் காலக்கெடுவுக்கு மட்டும்தான். மாதாமாதம் நீ கொடுக்க வேண்டிய பணத்தை அது தொடவே இல்லை. சொல்லப்போனால் அந்த உத்தரவால் லாபம் காயத்ரிக்குத்தான். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125-ஆவது பிரிவில் ஜீவனாம்ச பாக்கியை வசூலிக்க ஒரு வருஷத்துக்குள் மனு போட வேண்டும். அந்தக் கெடுவுக்கும் இந்த உத்தரவு பொருந்தும். ஏப்ரல் மாசத்துப் பாக்கி காலாவதியாகிவிடும் என்று யாராவது கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் அதை நம்பாதே.

வண்டிக் கடனுக்கு ரிசர்வ் வங்கி மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட விட்டது, நீயும் தள்ளிப்போட்டாய். அதற்கே வட்டி ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஜீவனாம்சத்துக்கு அப்படி ஒரு சலுகையை யாரும் அறிவிக்கவில்லை.

உன் கஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. ஓட்டல்காரர்கள் இந்த வருஷம் பட்ட பாடு ஊருக்கே தெரியும். ஏப்ரலிலிருந்து பாதிச் சம்பளம்தான் என்றாய், நம்புகிறேன். பாதி வந்தபோது பாதியாவது அனுப்பியிருக்கலாமே? ஒரு பைசா போகவில்லை. மாதம் 12,000, நவம்பர் வரை 96,000. ஆகஸ்ட் 31-க்குள் 40 சதவீதக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் தனியார் பள்ளிகளுக்குச் சொன்னதே, பாப்பாவுக்கு அந்த நாற்பதைக் கட்டியது காயத்ரியின் அப்பா. ஆன்லைன் வகுப்புக்கு போன் வாங்கித் தந்ததும் அவர்தான்.

நான் வக்கீல் இல்லை. கோர்ட்டில் நீதிபதிக்குக் கீழே பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்து கட்டுகளைப் புரட்டியவள். அங்கே பார்த்ததைச் சொல்கிறேன். சம்பளம் குறைந்த மாதமே கம்பெனிக் கடிதத்தோடு வந்து "இவ்வளவுதான் முடியும்" என்று மனு போட்டவனை நீதிபதிகள் காது கொடுத்துக் கேட்பார்கள். வாரண்ட் போன பிறகு வந்து "வேலை போச்சுங்க அய்யா" என்பவனை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே சட்டத்தில் 127-ஆவது பிரிவு இருப்பதே இதற்குத்தான். சூழ்நிலை மாறியதை நிரூபித்தால் தொகையை மாற்றலாம், வழக்கு முடியும் வரை தரும் இடைக்கால ஜீவனாம்சமானாலும் சரி. ஆனால் நீ கேட்டு, கோர்ட் மாற்றும் வரைக்கும் பழைய தொகைதான் நிற்கும். நீயாக நிறுத்திக்கொள்ள சட்டத்தில் இடமில்லை.

போன மாதம் 4-ஆம் தேதி ரஜ்னேஷ் - நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பை நீ படித்திருக்க மாட்டாய். நாக்பூர் வழக்கு அது. மனைவிக்கும் குழந்தைக்கும் 2015-இல் குடும்ப நீதிமன்றம் போட்ட இடைக்கால உத்தரவை எதிர்த்து கணவர் டெல்லி வரைக்கும் போனார். 60 நாளில் முடிக்க வேண்டிய மனு இப்படி வருஷக்கணக்கில் இழுக்கிறதே என்றுதான் நீதிபதி இந்து மல்ஹோத்ராவும் நீதிபதி சுபாஷ் ரெட்டியும் நாடு முழுவதற்குமாக வழிமுறை வகுத்தார்கள். இனி கணவன் மனைவி இருவருமே வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். நடந்துகொண்டிருக்கும் வழக்குகளுக்கும் சேர்த்துத்தான். (விவசாயக் குடும்பங்களுக்குத் தனிப் படிவம், மேகாலயாவுக்கு இன்னொரு படிவம். அங்கே தாய்வழிச் சொத்து அல்லவா, அதையும் யோசித்திருக்கிறார்கள்.) பொய் சொன்னால் அதற்கென்று தனி நடவடிக்கை வரும். அதனால் வாடிப்பட்டியில் உன் பெயரில் இருக்கிற நஞ்சையை மறைக்கப் பார்க்காதே. ஜூன் மாதம் கொரோனா முன்பணம் என்று பி.எஃப்.-இல் எடுத்தாயே, அதுவும் ஸ்டேட்மென்ட்டில் தெரியும்.

"அவளும் எம்.எஸ்ஸி. படித்தவள்தானே" என்கிறாய். படிப்பு இருக்கிறது, சம்பாதிக்க முடியும் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. டியூஷன் வருமானம் அவளுக்கும் குழந்தைக்கும் போதுமா என்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். இறுதி உத்தரவு வரும்போது மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கு எடுப்பார்கள், அதையும் மனதில் வை.

"ஜெயிலில் போடட்டுமே" என்று வீராப்பாகப் பேசினாய். ஒரு மாதத்துப் பாக்கிக்கு ஒரு மாதம் வரைக்கும் உள்ளே வைக்கலாம். உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்துவிடாது, பணம் கட்டினால்தான் தீரும் என்று 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து வாங்கி முடித்துக்கொள்ளலாம் என்ற உன் யோசனையை நான் தடுக்கவில்லை. காயத்ரிக்கும் இப்போது அதுதான் விருப்பம் என்று நினைக்கிறேன். 2017-இல் வந்த அமர்தீப் சிங் தீர்ப்புக்குப் பிறகு மனு போட்ட பிறகு இருக்கிற ஆறு மாதக் காத்திருப்பைக்கூடத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். ஆனால் பிரிந்து ஒன்றரை வருஷம் ஆகியிருக்க வேண்டும், ஜீவனாம்சம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் பேசித் தீர்த்திருக்க வேண்டும். 96,000 பாக்கி வைத்துக்கொண்டு என்னத்தைப் பேசித் தீர்ப்பாய்? இன்னொன்று: மொத்தமாக ஒரு தொகை கொடுத்துவிட்டால் பாப்பாவுக்கும் சேர்த்து முடிந்தது என்று உன் வக்கீல் எழுதச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. குழந்தையின் உரிமையை அவள் அம்மாவே நினைத்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது.

நான் பாப்பாவைப் பார்க்கப் போகிறேன் என்று உனக்குக் கோபம். போகத்தான் செய்வேன். விவாகரத்து உங்கள் இருவருக்கும்தான், என் பேத்திக்கும் எனக்கும் நடுவே எந்த வழக்கும் இல்லை.

இந்த வாரம் உன்னால் முடிந்ததைக் காயத்ரியின் கணக்கிலேயே போடு. கையில் கொடுக்காதே, ரசீது இல்லாமல் போகும். ஏப்ரலிலிருந்து வந்த சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், கம்பெனி சம்பளத்தைக் குறைத்த கடிதம் மூன்றையும் ஸ்கேன் செய்து வக்கீலுக்கு அனுப்பு. மீதியைத் தவணையாகக் கட்ட அனுமதி வேண்டும் என்று மனுவிலேயே கேட்கச் சொல். மாஸ்க் போடாமல் வெளியே போகாதே.

அன்புடன்,
அம்மா

பி.கு.: வக்கீல் ஃபீஸ் நான் தருகிறேன். பாக்கிப் பணத்தை மட்டும் என் பென்ஷனில் கேட்காதே.