கதிருக்கு, அம்மா எழுதுவது

அன்புள்ள கதிருக்கு,

போனில் சொல்லலாம்தான். ஆனால் போனில் நான் "சாப்பிட்டியா, அங்கே குளிர் எப்படி" என்பதைத் தாண்டிப் போவதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன முறை வந்தபோது லேப்டாப்பில் பழைய ஷெர்லாக் ஹோம்ஸ் தொடரை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாயே, தினம் ராத்திரி ஒன்று என்று 41 கதைகளையும் பார்த்து முடித்துவிட்டேன். ஹோம்ஸாக வரும் ஜெரமி பிரெட் மனசிலேயே தங்கிவிட்டார். அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். உனக்கு இருக்கும் பைபோலார் என்ற மனநோய்தான் அவருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. அது தெரிந்துதான் எனக்கு அந்தத் தொடரைக் கொடுத்தாயா?

அவருடைய உண்மைப் பெயர் பிரெட் இல்லை. பீட்டர் ஜெரமி வில்லியம் ஹக்கின்ஸ். 1933-ல் வார்விக்‌ஷயரில் பெர்க்ஸ்வெல் என்ற ஊரில் பிறந்தவர். அப்பா ராணுவத்தில் கர்னல். மகன் நாடகத்துக்குப் போகிறேன் என்றதும், குடும்பப் பெயர் மேடையில் அடிபடக் கூடாது என்று சொல்லிவிட்டார். மகன் தன் கோட்டுக்குள் தைத்திருந்த தையல்கடையின் பெயர்த் துண்டைப் பார்த்து, அதிலிருந்த பெயரை வைத்துக்கொண்டார். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் உனக்குத் தெரியும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சின்ன வயதில் அவருக்கு 'ர' வராதாம். நீயும் நாலு வயது வரை ரயிலை 'யயில்' என்பாய். உனக்குத் தானாகச் சரியாயிற்று. அவருக்கு நாக்கில் அறுவை சிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. அதற்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க உச்சரிப்புப் பயிற்சியை விடவில்லை. ஹோம்ஸ் பேசும்போது ஒவ்வொரு எழுத்தும் நறுக்கென்று விழுகிறதே, அது சும்மா வந்ததில்லை. அந்தக் குரலையும் ஒரு முறை எடுத்துவிட்டார்கள். 1964-ல் 'மை ஃபேர் லேடி' படத்தில் ஃப்ரெடியாக அவர் பாடுகிற பாட்டுக்கு வேறொருவர் பின்னணி பாடினார். அவருக்குப் பாட வராமல் இல்லை. நாலு வருஷம் கழித்து பிபிசியில் ஒரு இசைநாடகத்தில் சொந்தக் குரலிலேயே பாடியிருக்கிறார்.

அவர் நடிக்கத் தொடங்கியது நீ இருக்கும் மான்செஸ்டரில்தான். நீ புத்தகம் எடுக்கப் போகும் மத்திய நூலகத்தின் அடித்தளத்தில் முன்பு லைப்ரரி தியேட்டர் இருந்ததாம். 1954-ல் அங்கே மேடையேறினார். பிறகு லண்டனில் லாரன்ஸ் ஒலிவியரின் நேஷனல் தியேட்டர். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தில் ஒலிவியர் ஷைலாக், இவர் பஸ்ஸானியோ. முப்பது வருஷம் இப்படி மேடையும் டிவியுமாக ஓடிய பிறகுதான் ஹோம்ஸ் வந்தது. கிரனாடா டிவி ஸ்டுடியோவில், அதுவும் மான்செஸ்டரில்தான், ஹோம்ஸ் குடியிருக்கும் பேக்கர் தெருவையே கட்டினார்கள். 1984 ஏப்ரலில் முதல் கதை ஒளிபரப்பானது. ஹோம்ஸ் எப்படி உட்காருவார், என்ன சாப்பிடுவார் என்று கதைகளிலிருந்து பொறுக்கி 77 பக்கத்துக்கு ஒரு குறிப்பேடே தயாரித்தார்களாம்.

அடுத்த வருஷம் அவர் மனைவி ஜோன் வில்சன் புற்றுநோயில் போய்விட்டார். இவர் துக்கத்தை உள்ளே வைத்துக்கொண்டு படப்பிடிப்புக்குத் திரும்பினார். 1986-ல் மனம் முறிந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். லித்தியம் கொடுத்தார்கள். நீ சாப்பிடுகிற அதே மாத்திரை. சிறுவயதில் வந்த வாதக் காய்ச்சல் ஏற்கெனவே அவர் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது. சிகரெட் வேறு. லித்தியத்தால் உடம்பில் நீர் கோத்துக்கொண்டது. முதல் வருஷக் கதைகளில் ஈர்க்குச்சி மாதிரி துள்ளுகிறவர் கடைசிக் கதைகளில் முகம் வீங்கி, மூச்சு வாங்கி நிற்கிறார். எனக்குப் பார்க்கவே தாங்கவில்லை. 1994-ல் ஒரு கதையில் அவரால் முடியாமல் போக, ஹோம்ஸின் அண்ணன் துப்பறிவது போலக் கதையையே மாற்றினார்கள். பயப்படாதே, உன் இதயம் நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு தடவைகூடத் தவறாதே.

கார்ன்வால் கடற்கரையில் எடுத்த கதை ஒன்று உண்டு. 1988-ல் வந்தது. ஹோம்ஸுக்குப் போதை ஊசிப் பழக்கம் உண்டே. அதில் ஹோம்ஸ் மணலில் குழி பறித்து அந்த ஊசியைப் போட்டு மூடிவிடுவார். மூலக் கதையில் அப்படி இல்லை. குழந்தைகளும் இந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்று, ஹோம்ஸ் கதைகளை எழுதிய கானன் டாயிலின் மகளிடம் அனுமதி வாங்கி பிரெட்தான் சேர்த்தாராம். கதையில் ஒரு வரி மாறினாலும் சண்டைக்கு நிற்கிற மனிதர், அதற்கு மட்டும் தானே போய்க் கேட்டிருக்கிறார். அந்தக் காட்சியை நான் மூன்று தடவை பார்த்தேன்.

1995 செப்டம்பர் 12 அன்று லண்டனில், தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 61. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் ரேடியோவில் பேசினார். தனக்கு என்ன நோய் என்று வெளிப்படையாகச் சொல்லி, அதே நோய் உள்ளவர்களுக்காக இயங்கும் சங்கத்துக்கு உதவி கேட்டார். பெயரை மறைக்கச் சொல்லி வளர்த்த பிள்ளை, பழகிப் பழகித் திருத்திக்கொண்ட அந்தக் குரலில் ஊரறியச் சொல்லிவிட்டது.

சரி, கடைசியில் சொல்கிறேன் என்றேனே. போன வருஷம் நீ ஆஸ்பத்திரியில் இருந்தபோது, மஞ்சள் காமாலை என்று எல்லோரிடமும் சொன்னது நான். உன்னிடமும் அப்படியே சொல்லச் சொன்னேன். நீ ஒன்றும் பேசாமல் சரி என்றாய். அந்தச் 'சரி' இன்னும் என் காதில் இருக்கிறது. அம்மாவை மன்னித்துவிடு, கண்ணு.

நேற்று உன் மீனாட்சி அத்தை வந்திருந்தாள். காபி கலந்து கொடுத்துவிட்டு, "கதிருக்கு வந்தது காமாலை இல்லை. மனசு சம்பந்தப்பட்ட நோய். பைபோலார் என்பார்கள். மாத்திரை சாப்பிடுகிறான், வேலைக்குப் போகிறான்" என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னது தப்பென்றால் திட்டு. அத்தை ரொம்ப நேரம் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எங்க பெரியப்பா நாலு நாள் தூங்காம பாடிட்டே இருப்பார், அப்புறம் மாசக்கணக்கா கதவைச் சாத்திப்பார். அவருக்கும் இதுதானோ?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தையும் இங்கே இருப்பாள். உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். போன் செய்.

அன்புடன்,
அம்மா