செல்போனையும் புலம்பெயர்வையும் ஆராய்கிறவர்களுக்கு ஒரு சபுராளி வீட்டுக் கடிதம்

புலம்பெயர்ந்தவர்களும் டிஜிட்டல் ஊடகமும் என்று ஆய்வு செய்கிற பேராசிரியர்களுக்கும், அவர்களிடம் பிஎச்.டி. செய்கிற பிள்ளைகளுக்கும்,

வணக்கம். எனக்குத் திருவாரூர் பக்கம். எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவில் இருப்பார். அப்படிப் போய்ச் சம்பாதிக்கிறவரைச் சபுராளி என்போம். என் அத்தா, அதாவது அப்பா, 1989இல் சார்ஜாவுக்குப் போனார். அப்போது நினைத்த நேரத்தில் போன் பேச வசதி ஏது? அங்கிருந்து யாராவது ஊருக்கு வந்தால் கோடாலித் தைலமும் டேங் பொடியும் வருகிற பார்சலில் ஒரு கேசட்டும் வரும். அதில் அத்தா "நல்லா படிக்கிறியாம்மா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் சும்மா இருப்பார். ஏசி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்கும். நானும் டேப்ரிக்கார்டரைப் பார்த்து "படிக்கிறேன் அத்தா" என்பேன்.

அதனால் உங்கள் ஆய்வு எதற்கு என்று கேட்கிற ஆள் நான் இல்லை. பிரிட்டனில் வேலை பார்க்கிற பிலிப்பைன்ஸ் தாய்மார்களையும் ஊரில் விட்டுப்போன அவர்களுடைய பிள்ளைகளையும் பற்றி மிர்கா மடியானு, டேனியல் மில்லர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2012இல் எழுதியதைப் பற்றித் தெரிந்துகொண்டபோது எங்கள் தெருக்கதை மாதிரியே இருந்தது. போன் மலிவானதும் மறுபடி அம்மாவாக இருக்க முடிகிறது என்று தாய்மார்கள் சொல்கிறார்கள், பிள்ளைகள் பலருக்கோ அப்படித் தோன்றவில்லை. செலவு ஒரு பொருட்டில்லை என்றான பிறகு, ஒருவர் போன் பண்ணிப் பேசுகிறாரா, மெசேஜோடு நிறுத்திக்கொள்கிறாரா என்பதையே மற்றவர் அர்த்தம் பண்ணிப் பார்க்கத் தொடங்குகிறார். இதைத்தான் அவர்கள் 'பாலிமீடியா' என்கிறார்கள். இரண்டு பக்கமும் போய்க் கேட்டதால்தானே இது தெரிய வந்தது.

என் மனக்குறை வேறு. சில வருடங்களுக்கு முன்னால் எங்கள் சாச்சியிடம், அதாவது சித்தியிடம், பேச ஒரு ஆராய்ச்சி மாணவி வந்திருந்தார். நல்ல பெண், மூன்று நாள் வீட்டோடு வீடாக இருந்தார். அவர் கணவர், எங்கள் சாச்சா, அமீரகத்தில் கிரேன் ஓட்டுகிறார். ராத்திரி எட்டு மணிக்கு வீடியோ கால் வரும். அடுப்படியில் மிளகாய்த்தூள் டப்பாவில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுச் சாச்சி வேலையைப் பார்ப்பார். சாச்சா அந்தப் பக்கம் பங்க் கட்டிலில் படுத்தபடி இட்லிப் பானையில் ஆவி வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சு பெரிதாக இருக்காது. சில நாள் சாச்சிக்குத் தனியாகக் கொஞ்ச நேரம் வேண்டும் என்றிருக்கும், டேட்டாவை அணைத்துவிட்டு மறுநாள் "நெட் இல்லைங்க" என்பார். இதை அந்தப் பெண்ணிடம் மனசு விட்டுச் சொல்லியிருக்கிறார்.

கட்டுரையில் பெயரை மாற்றியிருந்தார்கள். ஆனால் கணவர் கிரேன் ஆபரேட்டர், இரண்டு பெண்கள், மூத்தவள் பல் மருத்துவம் படிக்கிறாள், திருவாரூர் அருகே ஒரு சிற்றூர் என்று அப்படியே இருந்தது. இவ்வளவு சொன்ன பிறகு பெயர் எதற்கு? எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் இணையத்தில் பார்த்து, தமிழாக்கி ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். சாச்சா ஒரு மாதம் கால் பண்ணவில்லை. அப்புறம் பேச்சு பழையபடி வந்தது. ஆனால் இப்போதும் நிஜமாகவே நெட் போய்விட்டால், மறுநாள் சாச்சா முதலில் கேட்பது "உண்மையாவா?" என்பதுதான்.

இது குடும்பத்துக்குள் போயிற்று, சரி. அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், கால் போகாது. போட்டிம் மாதிரி அனுமதி உள்ள ஆப்களில்தான் பேச வேண்டும். அதனால் எத்தனையோ பேர், எந்த நாட்டிலிருந்து இணையத்தில் இருக்கிறோம் என்பதை மறைக்கிற வி.பி.என். போட்டுப் பேசுகிறார்கள். வி.பி.என்.னில் மறைந்து குற்றம் செய்தால் 5 லட்சம் திர்ஹாமிலிருந்து 20 லட்சம் வரை அபராதம் என்று 2016இலேயே அங்கே சட்டத்தைத் திருத்தினார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்க்க வி.பி.என். போட்ட ஒருவரை ஊர், தொழில், தங்கியிருக்கிற தொழிலாளர் கேம்ப் என்று அடையாளத்தோடு உங்கள் கட்டுரையில் எழுதினால், அவர் வேலைக்கு யார் பொறுப்பு?

உங்களைப் போலவே எங்கள் போனுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அரசாங்கங்களும் ஆசைப்படுகின்றன. 2020இல் சிறு படகுகளில் வந்தவர்களின் போன்களை மொத்தமாகப் பறித்துத் தகவல் எடுத்தது சட்டவிரோதம் என்று 2022இல் பிரிட்டன் உயர் நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. ஜெர்மனியில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் போனை எடுத்த எடுப்பில் சோதித்ததும் சட்டத்துக்குப் புறம்பு என்று 2023இல் தீர்ப்பு வந்தது. உங்களை அவர்களோடு சேர்க்கவில்லை. ஆனால் யார் எந்த ஆப்பில் எதை மறைக்கிறார்கள் என்று நீங்கள் அச்சில் போட்டால், அதை அவர்களும் படிப்பார்கள் அல்லவா?

அதனால் கேட்கிறேன். எழுதி முடித்ததும் அச்சுக்குப் போகும் முன் எங்களைப் பற்றிய பத்திகளைத் தமிழில் எங்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நேரில் வர முடியாவிட்டால் ஒரு வாய்ஸ் மெசேஜ் போதும். எதைச் சொன்னால் யாருக்கு எங்கே வலிக்கும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். இரண்டு வரியை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள், அதனால் உங்கள் ஆய்வு கெட்டுப்போகாது.

சாச்சிக்கு அந்தப் பெண் மீது கோபம் இல்லை, இப்போதும் "அந்தப் புள்ளைக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்பார். இணையத்தில் இருந்து அந்த ஒரு பத்தியை மட்டும் எடுத்துவிடச் சொல்ல முடியுமா என்றும் என்னிடம் கேட்டார். அவர் கையெழுத்துப் போட்ட படிவம் பத்திரமாக இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம் என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது. அதில் கொடுத்திருந்த மின்னஞ்சலுக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றும் திரும்பி வந்துவிட்டன.