பள்ளிக்குழுவில் சேர்ந்திருக்கும் முருகேசனுக்கு

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நாம் படித்த ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர் என்ற முறையில் உன்னைச் சேர்த்தது நல்ல காரியம். "அதிகாரிங்க வர்றாங்க, எழுதுறாங்க, போறாங்க, ஒண்ணும் நகரலை" என்று அலுத்துக்கொண்டிருந்தாய். நகராததற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதில்லை.

வருகிறவர்களில் வட்டாரக் கல்வி அலுவலர் நிர்வாகம் பார்ப்பவர். ஆண்டாய்வு அவருடையது. வருகை, பதிவேடுகள், பாடக்குறிப்பு பார்ப்பார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார். வட்டார வள மையத்து ஆசிரியர் பயிற்றுநர் வேறு ஆள். வகுப்பில் உட்கார்ந்து கவனித்து, தேவைப்பட்டால் தானே பாடம் நடத்திக் காட்ட வேண்டியவர். நடைமுறையில் அவருடைய நேரத்தில் பாதியைச் செயலியில் விவரம் ஏற்றுவதே தின்றுவிடுகிறது. அவர் வரும் நாளில் மூன்றாம் வகுப்புக் கழித்தலை ஒருமுறை நடத்திக் காட்டும்படி தலைமையாசிரியர் வாய்விட்டுக் கேட்டால் தயங்காமல் செய்வார்.

அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்பிக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பதைக் கவனி. கேள்வி வராமலிருக்க எல்லோரையும் மலரில் போட்டுவிடும் பள்ளிகள் உண்டு. இரண்டெழுத்துச் சொல்லைக் கூட்டி வாசிக்கத் திணறும் பிள்ளை மலரில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு வரவேண்டிய அரும்பு நிலைப் பயிற்சி வராமலே போகும். குறைவாகக் காட்டினால் பள்ளிக்குக் கெட்ட பெயர் என்று ஆசிரியர் பயப்படாதபடி குழு அவர் பக்கம் நிற்கட்டும்.

58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு என்று எழுதியிருந்தாய். கல்வி உரிமைச் சட்டக் கணக்குப்படி 60 வரை இரண்டு ஆசிரியர். 61 ஆனால் மூன்று. பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று முடிவு செய்யும் பணியாளர் நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரத்தை வைத்து நடக்கும். ஆக உங்களுக்கு வேண்டியது இன்னும் மூன்று பிள்ளைகள், அதுவும் ஜூலைக்குள். இங்கே ஒரு சிக்கல் வரும். தனியார் பள்ளியிலிருந்து வந்த பிள்ளை உங்கள் வகுப்பில் உட்கார்ந்திருக்கும், ஆனால் பழைய பள்ளி அதன் பெயரை எமிஸிலிருந்து (கல்வித் துறையின் இணையவழி மாணவர் பதிவேடு) விடுவித்திருக்காது, உங்கள் எண்ணிக்கையில் வராது. மாற்றுச் சான்றிதழ் தாமதத்தைக் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று அதே சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்கிறது. பிள்ளையைச் சேர்த்துக்கொண்டு, எமிஸில் விடுவிக்கக் கோரிக்கை போட்டு, வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுக்கச் சொல். ஜூலை கடைசியில் ஓடினால் பலனில்லை.

பணம் சங்கதி. பள்ளியின் அன்றாடச் செலவுக்கு அரசு தரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் 31 முதல் 100 பிள்ளைகள் வரை ஆண்டுக்கு 25,000 ரூபாய். அதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்கு. தவணையாக வருவதும் உண்டு. சாக்பீஸ், குழாய் மாற்றுவது, சின்னப் பழுது, அவ்வளவுதான் தாங்கும். ஒழுகும் கூரைக்கு இதை நம்பாதே. ஒன்றியப் பள்ளிக் கட்டடம் ஊரக வளர்ச்சித் துறையின் பொறுப்பு. மனு வட்டார வளர்ச்சி அலுவலருக்குப் போக வேண்டும், கல்வி அலுவலகத்துக்கு நகல் போதும். பல ஊர்களில் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தைத் தலைமையாசிரியர் தனியாக எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினால் போடாதே. சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். அவர்கள் பேசி எழுத வேண்டிய திட்டம் அது. "கழிப்பறை வசதி மேம்படுத்தப்பட வேண்டும்" என்று எழுதினால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை. "பெண் பிள்ளைகள் 31 பேர்; கழிப்பறை இரண்டில் ஒன்றுக்குக் கதவில்லை; தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை; மோட்டார் பழுது; ஊராட்சி சரிசெய்ய வேண்டும்" என்று எழுது. தீர்மான எண், தேதி, யாருக்கு அனுப்பியது, மூன்றும் பதிவேட்டில் இருக்கட்டும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலையாக அதை வாசிக்கச் சொல். உள்ளாட்சிப் பிரதிநிதியும் குழுவில் இருப்பார். அவர் வரும் நாளாகப் பார்த்து வாசிப்பது உசிதம்.

சென்ற ஆண்டாய்வு அறிக்கையின் நகலையும், அதற்குப் பள்ளி அனுப்பிய பதிலையும் தலைமையாசிரியரிடம் வாங்கி எனக்கு அனுப்பு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
சுந்தரம்