கடலில் ராட்சதன் தேடும் தம்பிகளுக்கு ஒரு திறந்த மடல்

ராமநாதபுரம் கடலோரம் கேமராவோடு அலையும் யூடியூப் தம்பிகளே,

மண்டபத்திலிருந்து ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் எழுதுகிறேன். போன பங்குனியில் எங்கள் கரையில் ஒரு ஆவுளியா, அதாவது கடல்பசு, செத்து ஒதுங்கியது. நான் போய்ச் சேர்வதற்குள் உங்களில் ஒருவர் வீடியோவே போட்டுவிட்டார். தலைப்பு, 'கடலில் இருந்து வந்த பயங்கர ராட்சத மிருகம்!' சாயங்காலத்துக்குள் திருவிழாக் கூட்டம். ஒரு பையன் அதன் முதுகில் ஏறி நின்று செல்ஃபி எடுத்தான்.

நான் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. தடித்த உதட்டைச் சுற்றி விளக்குமாற்றுக் குச்சி மாதிரி முரட்டு மயிர். கழுத்தோரம் வலைக்கயிறு அறுத்த தடம். கூட நின்ற வலைக்காரர் முன்துடுப்பை லேசாகத் தூக்கிக் காட்டினார்: அக்குளில் பால்காம்பு. மாலுமிகள் கடல்கன்னியைக் கண்டதாகச் சொன்னதற்கு இந்த மார்பும் ஒரு காரணம் என்பார்கள். கடலடியில் தாழை என்கிற கடற்புல்லை மேய்கிற பிராணி இது. சில நிமிடத்துக்கு ஒருதரம் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும். வலையில் மாட்டினால் வர முடியாது, மூச்சுமுட்டிச் செத்துப்போகும். பயங்கரம் என்று எழுதத்தான் வேண்டுமென்றால் அதை எழுதியிருக்கலாம்.

கதையே கூடாது என்று சொல்ல நான் யார்? அனுமனைக் கடல்நடுவே மறித்த அங்காரதாரை என்ற அரக்கியைக் கம்பன் பாடியிருக்கிறான். அவள் வாய்க்குள் புகுந்து, குடலைப் பிடுங்கிக்கொண்டு அனுமன் மேலே எழுகிறான். நூல் தரையில் புரள வாலோடு பறக்கும் காற்றாடி போல இருந்தானாம்! இந்தக் கற்பனைக்கு முன்னால் உங்கள் சிவப்பு அம்புக்குறியும் வட்டமும் எம்மாத்திரம்? பழைய பரதவர் சுறாக்கொம்பை நட்டுக் கும்பிட்டார்கள். ஏறி நிற்கவில்லை.

சரி, நிஜமாகவே அடையாளம் தெரியாத உடல் ஒதுங்கினால்? 1977-ல் நியூசிலாந்துப் பக்கம் சுய்யோ மாரு என்ற ஜப்பானிய மீன்பிடிக் கப்பலின் வலையில் அழுகிய உடல் ஒன்று வந்தது. சுமார் 10 மீட்டர் நீளம், சின்னத் தலை, நெடுங்கழுத்து. டைனோசர் காலத்துக் கடல் விலங்கு என்று உலகமே பேசியது. நாற்றம் தாங்காமல் உடலைக் கடலிலேயே தள்ளிவிட்டார்கள். நல்லவேளையாக அளவெடுத்து, படம் பிடித்து, துடுப்பிலிருந்து கொஞ்சம் நாரும் எடுத்து வைத்திருந்தார்கள். சோதித்தால், ஒருவகைப் பெருஞ்சுறா. அது அழுகும்போது தாடையும் செவுளும் முதலில் கழன்று விழுந்துவிடும், மிச்சம் நெடுங்கழுத்து மாதிரித் தெரியும்.

நீங்களும் அதைச் செய்யுங்கள். தள்ளி நின்று, பக்கத்தில் ஒரு துடுப்பையோ கம்பையோ போட்டு முழு உடலையும் படமெடுங்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதற்கும் முன்னால், கரைவலை இழுக்கிற யாரையாவது 'அண்ணே, இது என்ன?' என்று கேளுங்கள்.

அப்புறம், அந்தப் பங்குனி வீடியோ இன்னும் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. தலைப்பையாவது மாற்றிவிடுங்கள். ஆவுளியா. நாலே எழுத்துதான்.