மதிப்புரையில் கவிதை எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வரும் கவிதை நூல் மதிப்புரைகளை விடாமல் படிக்கிறேன். அட்டை அழகு, தாள் தரம், வாழ்த்து எல்லாம் இருக்கும். கவிதை வரி ஒன்றுகூட இருக்காது. இல்லையென்றால் முதல் தொகுப்பு போட்ட பிள்ளையை வறுத்தெடுத்திருப்பார்கள்.

நம் ரசிகமணி டி.கே.சி. (டி.கே. சிதம்பரநாத முதலியார், 1882–1954) திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீட்டில் கூடிய ‘வட்டத்தொட்டி’ இலக்கியக் கூட்டத்தில் செய்தது வேறு. பாட்டை வாய்விட்டுப் படித்து, உணர்ச்சி எந்தச் சொல்லில் ஏறுகிறது, ஓசை எங்கே திரும்புகிறது என்று காட்டுவார். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் பாடல்களைப் பலரிடம் கொண்டுசேர்த்ததும் அந்த ரசனைதான். (கம்பனில் தனக்கு ஒட்டாத பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கினாரே, அதை மட்டும் நான் ஏற்க மாட்டேன்.)

உங்கள் மதிப்புரையாளர்கள் நூலில் தேறுகிற ஒரு கவிதையையாவது முழுதாகத் தந்து, அது ஏன் பிடித்தது என்று சொல்லட்டும். தேறாத இடத்தையும் வரியைக் காட்டியே சொல்லலாம். கவிஞர் கோபிப்பார், சரி, அப்புறம் ஒருநாள் அந்த வரியைத் திரும்பப் பார்ப்பார்.

இடம் போதாதென்றால் வாரம் ஒரு நூல் போதும். கூடவே விலையும் பதிப்பகமும் போடுங்கள், கடையில் கேட்டு வாங்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பாளையங்கோட்டை