மல்லாந்து கிடப்பவர்களின் சார்பாக ஒரு மடல்

மருத்துவமனைகளை வடிவமைக்கும் கட்டடக் கலைஞர்களுக்கு வணக்கம்.

இதே தொழிலில் இருப்பவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். சென்ற ஆண்டு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்த அம்மாவுக்குத் துணையாக ஒன்பது இரவுகள் ஒரு வார்டில் தங்கினேன். அவர் முகத்துக்கு நேர் மேலே டியூப்லைட் இரவெல்லாம் எரிந்தது. முந்தானையைக் கண்மேல் போட்டுக்கொண்டுதான் அவர் உறங்கினார். தலைமாட்டுச் சுவரில் பெரிய அருவிப் படம் ஒன்று ஒட்டியிருந்தார்கள். மல்லாந்து கிடந்தவரின் கண்ணில் அது ஒருநாளும் படவில்லை.

அந்தப் படத்தின் பூர்விகம் நமக்குத் தெரியும். பென்சில்வேனியாவின் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை ஒப்பிட்டு, சன்னலில் மரங்கள் தெரிந்தவர்கள் செங்கற்சுவர் தெரிந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டது என்று ஆய்வாளர் ரோஜர் உல்ரிக் 1984-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். படுத்திருப்பவர் கண்ணுக்கு எட்டிய சன்னலைப் பற்றிய அந்தச் சிறிய ஆய்வைச் சான்றாகக் காட்டி, எந்தச் சுவரிலும் எந்தப் படத்தையும் ஒட்டிவிடலாம் என்ற நிலைக்கு நாம் வந்திருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

பின்லாந்தில் 1933-இல் திறக்கப்பட்ட பைமியோ காசநோய் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். நோயாளி நாளெல்லாம் படுத்தே இருப்பவர் என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அல்வார் ஆல்டோ அறையின் மேற்கூரைக்குக் கண்ணை உறுத்தாத அடர்நிறம் பூசினார். விளக்கைக் கண்ணில் படாத இடத்துக்கு நகர்த்தினார். இருவர் தங்கும் அறையில் ஒருவர் கைகழுவும் சத்தம் மற்றவரை எழுப்பிவிடக் கூடாதென்று, தண்ணீர் ஓசையின்றிச் சரிந்து விழும்படி தொட்டியின் சாய்வை அமைத்தார். எந்தப் பதிவேடும் அந்தச் சாய்வை அவருக்குச் சொல்லியிருக்காது. பக்கத்துக் கட்டில்காரரின் தூக்கத்தைக் கருதாத கற்பனைக்கும் அது தோன்றியிருக்காது.

நம் வார்டுகளுக்கான சான்றை நாமே திரட்ட வேண்டும். வரையத் தொடங்குமுன் இயங்கும் வார்டு ஒன்றில் ஓர் இரவு தங்குங்கள். காலியான கட்டிலில் சற்று நேரம் படுத்துப் பாருங்கள். கட்டி ஒப்படைத்து ஓராண்டு கழித்து மறுபடி போய், எவை துணி கட்டி மறைக்கப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். துணைக்கு வந்தவர் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுப்பதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனாலும் என் வரைபடங்களில் அந்தப் பாய்க்கு இதுவரை இடம் இருந்ததில்லை. இப்போது கையிலுள்ள வார்டில் கட்டில்களை ஒன்றரை அடி தள்ளி, அதை வரைந்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களுள் ஒருத்தி